பக்கவாதத்துக்குப் பிறகு பிசியோதெரபி: வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்ன செய்ய வேண்டும்?

பக்கவாதம் வந்தவரை டிஸ்சார்ஜ் செய்யும்போது மருந்துச் சீட்டை வரிவரியாக விளக்குகிறார்கள். பிசியோதெரபி என்ற இடத்தில் மட்டும் "தொடரவும்" என்று ஒரு வார்த்தை இருக்கும். எங்கே தொடர்வது, வாரத்துக்கு எத்தனை நாள், என்ன செலவாகும், எந்தத் தாளை எப்போது வாங்கி வைக்க வேண்டும் என்பதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. அம்மாவுக்கு வலது கையும் காலும் விழுந்தபோது நானும் தம்பியும் பத்துப் பேரிடம் கேட்டு அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

முதலில் மூன்று கெடுக்களைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். உடல் வேகமாகத் தேறுவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில்தான். ஆறு மாதம் வரை ஓரளவு வேகம் இருக்கும், அதற்குப் பிறகும் முன்னேற்றம் வரும், ஆனால் மெதுவாக. தனியார் மருத்துவக் காப்பீடு இருந்தால், மருத்துவமனைக்குப் பிந்தைய செலவுக்குப் பல பாலிசிகளில் 60 நாள்தான். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான மதிப்பீடு வழக்கமாக ஆறு மாதம் கழித்து. இந்த மூன்றும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கும். "முதலில் ஆள் தேறட்டும், தாள் வேலையை அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டால் இரண்டாவது கெடு கைநழுவிப் போகும்.

1. டிஸ்சார்ஜுக்கு முதல் நாளே கேட்டு வாங்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் அன்று பில் போடும் அவசரத்தில் எதுவும் நடக்காது. முந்தைய நாள் காலை ரவுண்ட்ஸ் நேரத்திலேயே கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் மூளையின் எந்தப் பகுதி பாதிக்கப்பட்டது, அடைப்பா ரத்தக்கசிவா, எந்தப் பக்கம் பலவீனம், வெளியேறும்போது நோயாளி எந்த அளவுக்கு நடமாடினார் என்பது தெளிவாக இருக்க வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டோடு படங்களையும், சி.டி. கொடுத்தால் அதையும் வாங்குங்கள். ரத்த அழுத்தம் எவ்வளவுக்கு மேல் போனால் பயிற்சியை நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். பிசியோதெரபிஸ்ட் கேட்கும் முதல் கேள்வியே இதுவாக இருக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், பிசியோதெரபிக்கான தனிப் பரிந்துரைச் சீட்டு. "பிசியோ தொடரவும்" என்பது போதாது. நோயின் பெயர், வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை வாரம் என்று மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண், முத்திரையோடு இருக்க வேண்டும். காப்பீட்டுக்காரர்கள் பணத்தை மறுக்கச் சொல்லும் முதல் காரணம் இந்தச் சீட்டு இல்லை என்பதுதான்.

விழுங்கும்போது புரையேறுகிறதா, பேச்சு குழறுகிறதா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அது பேச்சு மற்றும் விழுங்குதல் பயிற்சியாளர் பார்க்க வேண்டிய வேலை, பிசியோவில் வராது. புரையேறும் நோயாளிக்கு வீட்டில் கஞ்சி புகட்டி நிமோனியாவில் மறுபடி அட்மிட் ஆனவர்களை வார்டிலேயே பார்த்தோம்.

2. எங்கே செய்வது, எவ்வளவு ஆகும்

நான்கு வழிகள் உண்டு. பல குடும்பங்கள் இரண்டைக் கலந்துதான் சமாளிக்கின்றன.

அரசு மருத்துவமனை: மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. சென்னை கே.கே.நகரில் மறுவாழ்வு மருத்துவத்துக்கென்றே தனி அரசு நிலையம் உள்ளது. சிக்கல் போக்குவரத்தும் கூட்டமும்தான். உட்கார வைத்து ஆட்டோவில் ஏற்றி இறக்கவே பாதித் தெம்பு போய்விடும் நிலையில் இருப்பவருக்கு முதல் சில வாரம் இது சரிப்படாது.

மக்களைத் தேடி மருத்துவம்: 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்த அரசுத் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கு வருவது எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவதும் அதே திட்டத்தில் உண்டு என்பது பலருக்குத் தெரியவில்லை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி ஜெராக்ஸும் ஆதார் ஜெராக்ஸும் கொடுத்துப் பெயரைப் பதிவு செய்யுங்கள். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம் சொன்னாலும் வழி காட்டுவார். செலவு இல்லை. ஆனால் வருபவர் ஒரு வட்டாரம் முழுவதையும் பார்க்க வேண்டியவர், தினமும் வர முடியாது. வரும் நாளில் அடுத்த வருகை வரைக்குமான பயிற்சியைக் கற்றுக்கொண்டு, வீடியோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தனியார்: நாங்கள் விசாரித்த வரையில் கிளினிக்குக்குப் போனால் ஒரு தடவைக்கு 200 முதல் 500 ரூபாய், வீட்டுக்கு வந்தால் சிறிய ஊர்களில் 300 முதல் 500, பெரிய நகரங்களில் 500 முதல் 1000 ரூபாய். வீட்டுக்கு 600 ரூபாய் என்று வைத்து மாதம் 20 நாள் வந்தால் 12,000 ஆகிறது. முதல் மூன்று மாதத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பணத்தை ஒதுக்கிவிட்டுத் தொடங்குங்கள். பாதியில் பணம் தீர்ந்து நிறுத்துவதைவிட, முதலிலிருந்தே வாரம் மூன்று நாள் அவர் வந்து மீதி நாள் வீட்டார் செய்வது மேல்.

தங்கிச் செய்யும் மறுவாழ்வு மையம்: வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் இருக்கிறது. தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம், குறிப்பாக முதுகுத்தண்டு பாதிப்புக்குப் பெயர் பெற்றது. இப்படிப்பட்ட இடங்களில் பிசியோ, ஆக்குபேஷனல் தெரபி (குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்கான பயிற்சி), உபகரணம் செய்யும் பிரிவு எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். இடம் கிடைக்கக் காத்திருக்க நேரலாம், கூடவே ஒருவர் தங்க வேண்டும். கிளம்பும் முன் போனில் விசாரியுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அட்மிஷன் சமயத்திலேயே காட்டிவிடுங்கள். அது முக்கியமாக உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. வீட்டுக்கு வரும் பிசியோவின் தினக்கூலியை அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

3. பிசியோதெரபிஸ்ட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது

பி.பி.டி. என்பது பிசியோதெரபியில் அடிப்படைப் பட்டம், எம்.பி.டி. அதற்கு மேற்பட்ட முதுநிலைப் பட்டம். நரம்பியலில் எம்.பி.டி. முடித்தவர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பக்கவாத நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்கும் பி.பி.டி. போதும். மூட்டுவலி, கழுத்துவலி மட்டுமே பார்ப்பவரிடம் போக வேண்டாம். "தெரபி தெரியும்" என்று வரும் மசாஜ் ஆட்கள், ஹோம் நர்ஸ் ஏஜென்சி அனுப்பும் உதவியாளர்கள் ஆகியோரிடம் பட்டத்தைக் கேளுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

அதைவிட நல்ல அடையாளம் முதல் நாளிலேயே தெரிந்துவிடும். தேர்ந்தவர் வந்ததும் பயிற்சியைத் தொடங்க மாட்டார், அளப்பார். சமநிலைக்குப் பெர்க் அளவுகோல் என்று ஒன்று உண்டு. உட்கார்ந்து எழுவது, கண்ணை மூடி நிற்பது, திரும்பிப் பின்னால் பார்ப்பது, ஒற்றைக்காலில் நிற்பது என்று 14 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண், மொத்தம் 56. 45-க்குக் கீழே இருந்தால் விழும் ஆபத்து அதிகம் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். நடக்க முடிந்தவருக்கு இன்னொரு சோதனை: நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பது. வயதானவர்களுக்கு 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனம் தேவை. இரண்டுக்கும் பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஸ்டாப்வாட்ச், ஸ்கேல், நாற்காலி, கால் வைக்க ஒரு சின்ன ஸ்டூல் போதும்.

இந்த எண்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதச் சொல்லி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். "முன்னைக்கு இப்போ பரவாயில்லையே" என்ற பேச்சை வைத்து மாதம் 12,000 ரூபாய் கொடுப்பதற்கும், எண் ஏறுவதைப் பார்த்துக் கொடுப்பதற்கும் நிறைய வித்தியாசம். எங்களிடம் வந்த ஒருவர் இந்த நோட்டைப் பார்த்து முகம் சுளித்தார். அடுத்து வந்தவர் தானே ஒன்று போட்டுக் கொடுத்தார். யாரை வைத்துக்கொண்டோம் என்று சொல்லத் தேவையில்லை.

4. நல்ல பயிற்சி எப்படி இருக்கும்

மூளை மறுபடி கற்றுக்கொள்வது, அந்தந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால். ஆகவே நோயாளி வியர்க்க வேண்டும், பயிற்சியாளர் அல்ல. 45 நிமிடத்தில் அம்மா எத்தனை முறை எழுந்து உட்கார்ந்தார், எத்தனை முறை கையை நீட்டி டம்ளரை எடுத்தார் என்று எண்ணிப் பாருங்கள். படுக்கையில் படுக்கவைத்துக் கைகாலைப் பயிற்சியாளரே மடக்கி நீட்டிவிட்டுக் கிளம்பினால், அது மூட்டு இறுகாமல் இருக்க மட்டும் உதவும். நடை வராது.

"கரன்ட் வைப்பது" நம் ஊரில் பெரிய கவர்ச்சி. மின்தூண்டல் சில இடங்களில் உண்மையிலேயே உதவும்; பாதம் தொங்கும்போது அதைத் தூக்கும் தசைக்கோ, தோள்பட்டை இறங்கும்போதோ வைப்பார்கள். அதையும் நோயாளி தானே அசைக்க முயலும்போது சேர்த்து வைப்பதே நல்லது. ஆனால் தினமும் வந்ததும் மெஷினை மாட்டிவிட்டு அரை மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், நீங்கள் மெஷினுக்கு வாடகை கொடுக்கிறீர்கள்.

கை விரல் கொஞ்சமாவது அசைந்தால், நல்ல கையைக் கட்டிப்போட்டுப் பலவீனமான கையாலேயே வேலை செய்யவைக்கும் முறை உண்டு. மணிக்கட்டும் விரலும் தானாக ஓரளவு நிமிர்ந்தால்தான் அது பலிக்கும். அசைவே இல்லாத கைக்கு அதைச் செய்தால் எரிச்சலும் அழுகையும்தான் மிச்சம். அசைவு குறைவான கைக்குக் கண்ணாடிப் பயிற்சி கேட்டுப் பாருங்கள். இரு கைக்கும் நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கை அசைவதன் பிம்பத்தைப் பார்த்தபடி மற்றதையும் அசைக்க முயல்வது. 200 ரூபாய் கண்ணாடி போதும்.

இதற்கு நேர்மாறாக, முதல் நாளிலேயே முரட்டுத்தனமாக நடத்திவிட வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். பக்கவாதம் வந்த முதல் 24 மணி நேரத்தில் அதிகமாக எழுப்பி நடமாட வைப்பதால் கூடுதல் பலன் இல்லை. எப்போது தொடங்குவது என்பதை மருத்துவக் குழுவிடம் விட்டுவிடுங்கள்.

5. வீட்டார் செய்யக்கூடாதவை

பலவீனமான கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள் மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் தசைகள் தளர்ந்திருக்கும், இழுத்தால் மூட்டு இறங்கிவிடும். பிறகு மாதக்கணக்கில் தோள்வலி, வலியால் பயிற்சியும் நின்றுபோகும். பாசத்தோடு பார்க்க வரும் சொந்தக்காரர்கள்தான் இதை முதலில் செய்வார்கள், வாசலிலேயே சொல்லிவிடுங்கள். தூக்க வேண்டுமானால் இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கள்.

உணர்ச்சி குறைந்த பக்கத்தில் வெந்நீர்ப்பை, சூடான எண்ணெய் ஒத்தடம் வேண்டாம். சூடு அவருக்கே தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

புறா ரத்தம் தேய்ப்பது, தெரிந்தவர் சொன்ன இடத்துக்குப் போய் வேரும் கஷாயமும் வாங்குவது இரண்டையும் யாராவது கட்டாயம் சிபாரிசு செய்வார்கள். ரத்தம் தேய்ப்பதால் பலன் இல்லை. கஷாயம் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையோடு மோதலாம். இதைவிடப் பெரிய இழப்பு, அந்த அலைச்சலில் போகும் முதல் மூன்று மாதம்.

பயிற்சியின்போது புதிதாக முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை இன்னும் தளர்ந்தாலோ பிசியோவைக் கூப்பிடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால், அதை அமுக்கிவிடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

6. வீட்டில் தினசரி பயிற்சியும் உபகரணமும்

பயிற்சியாளர் போன பிறகு மீதி 23 மணி நேரம் இருக்கிறது. கைப்பிடி வைத்த உறுதியான நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டு, காலை மாலை எழுந்து உட்காரும் பயிற்சி செய்யுங்கள். பி.பி. பார்த்த பிறகு தொடங்குங்கள். சுகர் உள்ளவர் வெறும் வயிற்றில் செய்யக்கூடாது. படுக்கையிலிருந்து எழுந்ததும் ஒரு நிமிடம் உட்கார வைத்து, தலை கிறுகிறுக்கவில்லை என்றால்தான் நிற்க வைக்க வேண்டும்.

உடன் நடப்பவர் பலவீனமான பக்கத்தில் நிற்க வேண்டும். கைத்தடி நல்ல கையில். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். சட்டையோ ரவிக்கையோ போடும்போது பலவீனமான கை முதலில் நுழைய வேண்டும், கழற்றும்போது கடைசியில் வர வேண்டும்.

நாலு கால் வைத்த கைத்தடி சுமார் 700 முதல் 1500 ரூபாய், வாக்கர் 1000 முதல் 2000, கமோடு நாற்காலி 2500-க்கு மேல், பாதம் தொங்காமல் இருக்கப் போடும் ரெடிமேட் பிளாஸ்டிக் பட்டை 800 முதல் 2000. எதையும் பயிற்சியாளர் அளவு சொல்லாமல் வாங்காதீர்கள். கைத்தடியின் பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில் இருக்க வேண்டும். வாக்கரை இரண்டு கையாலும் பிடிக்க முடியாதவருக்கு அது உதவாது. அந்த ஒரு காரணத்தாலேயே நிறைய வாக்கர்கள் பரணில் கிடக்கின்றன.

விழுவது பெரும்பாலும் இரவில், பாத்ரூம் போகும் வழியில். மிதியடிகளை எடுத்துவிடுங்கள், ஒரு சின்ன இரவு விளக்கு போடுங்கள், கழிவறையில் கைப்பிடி அடியுங்கள். டவல் கம்பி ஆள் பாரத்தைத் தாங்காது. வாரில்லாத ரப்பர் செருப்பை மாற்றி, பின்னால் பட்டி உள்ள செருப்பு வாங்கிக் கொடுங்கள்.

7. பக்கவாதம் இல்லாமல் தள்ளாட்டம் மட்டும் என்றால்

படுக்கையில் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் சில நொடி உலகம் சுற்றினால், அது காதின் உட்பகுதியில் சிறு படிகங்கள் இடம் மாறியதாக இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரோ பயிற்சி பெற்ற பிசியோவோ தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிச் சரிசெய்வார்கள். எப்லி முறை என்று பெயர். சில நிமிட வேலை, பலருக்கு ஓரிரு தடவையில் நின்றுவிடும். இதற்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடத் தேவையில்லை. புரோகுளோர்பெராசின், சின்னாரிசின் போன்றவற்றை நீண்ட நாள் எடுத்தால் சமநிலை திரும்புவது தாமதமாகும், வயதானவர்களுக்குப் பார்க்கின்சன் போன்ற விறைப்பும் நடுக்கமும்கூட வரலாம். எவ்வளவு நாள் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பார்க்கின்சன் உள்ளவருக்குப் பயிற்சி நேரத்தை மாத்திரை வேலை செய்யும் நேரத்தோடு பொருத்துங்கள். கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிட்டால், தரையில் ஒட்டிய டேப் கோடுகளைத் தாண்டச் சொல்வதும் தாளத்துக்கு நடக்கச் சொல்வதும் உதவும். சிறுமூளை பாதிப்பில் பலம் இருக்கும், ஒத்திசைவுதான் போயிருக்கும். அங்கே எடை தூக்கும் பயிற்சியைவிட மெதுவான, குறி பார்த்துச் செய்யும் அசைவுகளே முக்கியம்.

8. காப்பீட்டுப் பணம்

பாலிசி தாளில் மருத்துவமனைக்குப் பிந்தைய செலவு எத்தனை நாள் என்று பாருங்கள். அந்த நாட்களுக்குள் நடந்த பிசியோவுக்குத்தான் கேட்க முடியும். ஒவ்வொரு தடவைக்கும் தேதியிட்ட ரசீது, வரிசை எண், பயிற்சியாளரின் பெயரும் பட்டமும் முத்திரையும் வேண்டும். மாதக் கடைசியில் வெள்ளைத்தாளில் "12,000 பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தருவது செல்லாது. பணத்தை யு.பி.ஐ.யில் கொடுத்தால் ஆதாரம் தானாக நிற்கும். காலம் முடிந்து 15 நாளுக்குள் சமர்ப்பிக்க வேண்டும் என்பது பல பாலிசிகளின் விதி. அசலைக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுங்கள், அடுத்த படிக்கு அவை மறுபடி தேவைப்படும்.

9. மாற்றுத்திறனாளி அட்டை

ஆறு மாதம் ஆகியும் குறைபாடு நீடித்தால் யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பியுங்கள். தெரியாவிட்டால் இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், மேலே சொன்ன அளவு நோட்டு எல்லாவற்றையும் மருத்துவக் குழு அழைக்கும் நாளில் எடுத்துச் செல்லுங்கள். சான்றிதழுக்குக் கட்டணம் கிடையாது. "சதவீதம் கூட்டித் தருகிறேன்" என்று வாசலில் நிற்பவரைத் தாண்டிப் போங்கள்.

சான்றிதழில் குறைபாடு 40 சதவீதமாவது இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். 75 சதவீதமோ அதற்கு மேலோ கடும் பாதிப்பு என்றால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். சக்கர நாற்காலி போன்றவற்றுக்கும் அங்கேதான் மனு. சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்தில் அவருக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை. பழைய வருமான வரி முறையில் இருப்பவர், தம்மைச் சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிக்காக 75,000 ரூபாயும், 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம்.

பக்கவாதத்துக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றுதான் தருவார்கள், காலாவதித் தேதி அதிலேயே இருக்கும். அந்தத் தேதி தாண்டினால் உதவித்தொகை நின்றுபோகலாம். இரண்டு மாதம் முன்பே போனில் அலாரம் வைத்து மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.